நடுகல்லின் முன்னே ஓர் ஓவிய வகுப்பு

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரை அடுத்த மல்லப்பாடியில், பாறைக் குகை ஒன்றில் குதிரை மீதமர்ந்த இருவர் ஒருவரையொருவர் எதிர்த்து மோதும் காட்சி வெண்ணிறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. 1978-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி.ராமன் இதை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். தமிழ்நாட்டில் பாறை ஓவிய ஆய்வு இங்கிருந்துதான் சூடுபிடித்தது. பிறகு மகாராஜகடை, மயிலாடும்பாறை என மாவட்டத்தின் பல குன்றுகளில் ஓவியங்கள் கண்டறியப்பட்டன. ஓசூர் செல்லும் வழியில் சூளகிரிக்கு அருகே மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டைகளின் உட்சுவர்களிலும் வெண்ணிற உருவங்கள் இருக்கின்றன.

இந்தக் குன்றுகளைச் சுற்றியுள்ள ஊர்களின் அரசுப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு எப்படி நடக்கிறது? ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழமோ பூந்தொட்டியோ வரைவார். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். சுயமாக வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவே உதிக்கும் சூரியன், ஓரமாய் ஓடும் ஆறு, கரையில் ஒரு தென்னை. இந்தப் படம் தமிழ்நாடு முழுக்க ஒன்றுபோலவே இருக்கும். தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும்.

தன் ஊர் மலையில் வரைந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பத்தாம் வகுப்பை முடித்துவிடும் பிள்ளைக்கு நேரும் இழப்பு சிறியதல்ல. கலையைக் கற்பிக்கும் முறையை மாற்றினால் அதை ஈடுசெய்யலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல அதற்குத் தோதான இடம் அதிகம் இல்லை.

நான்கு துறைகள், ஒரு பாடம்: ஓவிய வகுப்பு என்றால் கையைப் பழக்குவது என்ற எண்ணமே உலகின் பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. இதற்கு எதிராக, குழந்தையை அதன் போக்கில் வரைய விடுங்கள், குறுக்கிடாதீர்கள் என்ற வாதம் எழுந்தது. 1947-ல் வெளியான விக்டர் லோவன்ஃபெல்டின் நூல் அமெரிக்கப் பள்ளிகளில் இந்தப் பார்வையை வேரூன்றச் செய்தது. முந்தையது பிள்ளையின் கையை மட்டும் பார்த்தது. பிந்தையது மனதை மட்டும் பார்த்தது. கலை என்பது படிக்க வேண்டிய ஓர் அறிவுத்துறை என்ற எண்ணம் இரண்டிலுமே போதிய அளவு இல்லை.

1960-களில் மேனுவல் பார்க்கன் போன்ற கல்வியாளர்கள் இந்தக் குறையைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். 1980-களில் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த கெட்டி அறக்கட்டளை கலைக் கல்விக்கென ஒரு மையத்தை ஏற்படுத்தி, அந்தச் சிந்தனையைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. டுவைன் கிரீர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலியட் ஐஸ்னர் ஆகியோர் இதில் முக்கியப் பங்காற்றினார்கள். அவர்கள் முன்வைத்த முறை எளிமையானது. கலைப்பாடம் ஒன்றோடொன்று பிணைந்த நான்கு துறைகளால் ஆனது: படைப்பது, அந்தப் படைப்பு பிறந்த வரலாற்றை அறிவது, அதை உற்றுப் பார்த்து மதிப்பிடுவது, கலை என்பது எது, அழகு என்பது எது என்று யோசிப்பது. ஓவியர், வரலாற்றாசிரியர், விமர்சகர், மெய்யியலாளர் என நால்வர் செய்யும் வேலையை ஒரு பிள்ளை தன் வயதுக்கேற்ற அளவில் செய்து பார்க்கிறது.

இந்தியாவுக்கு இது முற்றிலும் அந்நியமான யோசனை அல்ல. சாந்திநிகேதனில் 1919-ல் தொடங்கிய கலாபவனில் நந்தலால் போஸ் மாணவர்களை வயலுக்கும் சந்தைக்கும் கிராமக் கைவினைஞரிடமும் அழைத்துச் சென்றார். அங்கு பயின்ற தேவி பிரசாத், காந்தியின் சேவாகிராமத்தில் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்து, கலையே கல்வியின் அடிப்படை என்று ஒரு நூலே எழுதினார். 2005-ம் ஆண்டின் தேசியப் பாடத்திட்டச் சட்டகத்தையொட்டி வெளியான கலைக் கல்வி அறிக்கை, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பரிந்துரைகளுக்குக் குறைவில்லை. அவை ஒரு வகுப்பறைக்குள் எப்படி இறங்கும் என்பதில்தான் குறை.

ஒரு கல், பல பாடங்கள்: கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம் நடுகற்களின் நாடு. ஆநிரை மீட்கும் பூசலில் இறந்தவன், ஊருக்குள் புகுந்த புலியோடு போராடி மாண்டவன் என எத்தனையோ வீரர்கள் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கல்லாக நிற்கிறார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அப்படி ஒரு கல்லின் முன் நிறுத்தி, நான்கு வாரப் பாடம் ஒன்றை நடத்திப் பார்க்கலாம்.

முதல் வாரம் பார்ப்பதற்கு மட்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். கதை கட்டக் கூடாது. வலது கையில் இருப்பது வாளா, குறுவாளா? இடது கையில் வில்லா? உடலில் எத்தனை அம்புகள் தைத்திருக்கின்றன? காலருகே சிறிதாய்த் தெரியும் பாத்திரம் எதற்கு? கொண்டை எந்தப் பக்கம் முடியப்பட்டிருக்கிறது? முதலில் "ஒரு ஆள் நிக்கிறான் சார்" என்று முடித்துக்கொள்ளும் பிள்ளைகள், பத்து நிமிடம் நின்று பார்த்தால் இருபது விஷயங்களைச் சொல்வார்கள். இதுதான் கலை விமர்சனத்தின் முதல் படி. வருணித்தல், கூறுகளைப் பிரித்தறிதல், பொருள் காணுதல், மதிப்பிடுதல் என்று எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகளை, பெயர்கூடச் சொல்லாமல் இப்படிப் பழக்கிவிட முடியும்.

இரண்டாம் வாரம் கைக்கு வேலை. ஒரு பலகையில் ஏரி மண்ணைப் பரப்பி, அதிலிருந்து ஒரு விரல் அளவுக்கு மட்டும் மேலெழும்படி வீரனின் உருவத்தைப் பிள்ளை வனைய வேண்டும். இங்கே ஒரு சிக்கல் வரும். பாதங்களை நேராகப் பார்க்கும்படி வைத்தால் அவை பலகையை விட்டு வெளியே நீள வேண்டும்; நீளும் மண் உடைந்து விழும். இரண்டு முறை உடைந்த பிறகு பிள்ளை பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பும். திருப்பியதும் கல்லில் இருக்கும் வீரனின் பாதம் ஏன் பக்கவாட்டில் இருக்கிறது என்பது அதற்குத் தானாகவே விளங்கும். பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு உளி பிடித்த ஒருவருக்கு இருந்த அதே கஷ்டம், அதே தீர்வு. புடைப்புச் சிற்பத்தைப் பற்றிப் பாடநூலில் ஒரு பக்கம் படித்தாலும் இந்த அறிவு வராது.

மூன்றாம் வாரம் தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்துகொள்வார்கள். கல்லில் எழுத்து இருந்தால் அது வட்டெழுத்தாக இருக்கலாம். இந்த வட்டாரத்தின் பல பழைய நடுகற்கள் பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்குகின்றன. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் பேசுகிறது. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் குறிக்கும் வெட்சியும் கரந்தையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் சொற்களாக இருந்த நிலை மாறி, ஏரிக்கரையில் நிற்கும் ஓர் ஆளின் கதையாகிவிடும். கீழடுக்கில் போர், நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர், மேலடுக்கில் இறைவன் திருமுன் என மூன்று அடுக்குகளாகச் செதுக்கும் மரபு கன்னட நாட்டில் பெருகியது. அந்தச் சாயல் எல்லையோரக் கற்களிலும் உண்டு. அரசியல் எல்லைக் கோடு நேற்று வந்தது. சிற்பிகளின் கை அதற்கு முன்பே இரு பக்கமும் போய் வந்திருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் ஒரே தெருவில் வளரும் ஓசூரில் இதைவிடப் பொருத்தமான வரலாற்றுப் பாடம் வேறு எது?

அறிவியல் ஆசிரியருக்கும் இதில் இடம் உண்டு. இந்தக் கல் என்ன கல், எதனால் இவ்வளவு உறுதி, இதைச் செதுக்கிய உளி எந்த உலோகம்? மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலம், அங்கே இரும்புப் பயன்பாடு பொ.ஆ.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதைக் காட்டுவதாக 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அந்த மயிலாடும்பாறை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது.

நான்காம் வாரம் மிகக் கடினமான கேள்விக்கு. இந்த வட்டாரத்தில் நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். எண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, பொங்கல் வைக்கிறார்கள். அப்படியானால் இது சிற்பமா, சாமியா? அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருப்பது நல்லதா, ஊர் வழிபாட்டில் இருப்பது நல்லதா? எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்கின்றன என்று தொல்லியல் அறிஞர் வருந்தினால், ஊர்ப் பெரியவர் என்ன பதில் சொல்வார்? பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதைப் பேசத் தொடங்கினால் அந்த வகுப்பில் மணி அடித்தது காதில் விழாது. அழகியல் என்ற கனமான துறை இப்படித்தான் பள்ளிக்குள் நுழைய வேண்டும்.

கோலமும் கூத்தும்: நடுகல் கிடைக்காத ஊரிலும் வாசலில் கோலம் இருக்கும். சிக்குக் கோலத்தின் ஒழுங்கை 1970-களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் பிறரும் கணித இலக்கணமாக ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலின் பட இலக்கண ஆய்வில் அந்தக் கட்டுரைகளுக்குத் தனி இடம் உண்டு. அம்மா போடும் கோலம் ஆராய்ச்சிக்குரிய அறிவு என்று தெரிந்துகொள்ளும் சிறுமி, அம்மாவையும் கணக்கையும் வேறு கண்ணோடு பார்ப்பாள்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில், படுகளத்தன்று துரியோதனனின் பெரும் உருவத்தைத் தரையில் மண்ணால் வனைகிறார்கள். அதை வனைபவர், அரிதாரம் பூசும் கூத்துக் கலைஞர், முகவீணை வாசிப்பவர் ஆகியோர் பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோதான். அவர்களை ஆண்டுக்கு இரண்டு முறை வகுப்புக்கு அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்தால் போதும்.

எடுபிடி வேலை வேண்டாம்: பல துறைகளை இணைத்தல் என்ற பெயரில் நடக்கும் ஒரு தவறை இங்கே சுட்ட வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-லேயே கலையைப் பிற பாடங்களோடு இணைத்துக் கற்பிக்கச் சொன்னது. நோக்கம் நல்லது. ஆனால், பல பள்ளிகளில் அது ஒளிச்சேர்க்கைக்கு ஒரு சார்ட், சூரிய மண்டலத்துக்கு ஒரு தெர்மாகோல் மாதிரி என்பதோடு முடிந்துவிடுகிறது. அறிவியலுக்கு அதில் ஏதோ லாபம் இருக்கலாம். கலை அங்கே எடுபிடியாக நிற்கிறது. அந்தச் சார்ட்டை வரைந்த பிள்ளை நிறத்தைப் பற்றியோ வடிவத்தைப் பற்றியோ புதிதாக எதுவும் கற்பதில்லை. மேலே சொன்ன நடுகல் பாடத்தில் கலைதான் நடுவில் நிற்கிறது. தமிழும் வரலாறும் அறிவியலும் அதைப் புரிந்துகொள்ள உதவ வருகின்றன. இந்த வேறுபாட்டைக் கல்வித் துறை தெளிவாக வரையறுக்க வேண்டும்.

2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பெரிய மேடையைத் தந்திருக்கிறது. பறை இசைக்கும் பிள்ளைக்கும் மண் சிற்பம் செய்யும் பிள்ளைக்கும் மாநில அளவில் பரிசு கிடைக்கிறது. இது பாராட்டுக்குரிய முயற்சி. என்றாலும், போட்டி என்பது திறமை உள்ளவர்களைத் தேடி எடுக்கும் ஏற்பாடு. மேடை ஏறாத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குக் கலை கிடைக்க வேண்டுமானால் வாராந்திர வகுப்பே வழி.

தொழிற்பேட்டைக்கு எதற்குக் கலை?: ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வாழும் பெற்றோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. பிள்ளை பாலிடெக்னிக் முடித்தால் வேலை. படம் வரைந்தால் என்ன கிடைக்கும்? பதில் அவர்கள் வேலை பார்க்கும் ஊரிலேயே இருக்கிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில்தான் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2002-ல் வந்த எட்ஜ் கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டர். அதன் பின்னே இயந்திர நுட்பம் எவ்வளவு இருந்ததோ, கோடு, அளவு, வெற்றிடம் பற்றிய கலைக்கண்ணும் அவ்வளவு இருந்தது. தனிஷ்க் நகை, டிவிஎஸ் வண்டி, போச்சம்பள்ளியில் உருவாகும் மின்சார ஸ்கூட்டர் எல்லாமே முதலில் யாரோ ஒருவருடைய தாளில் கோடாக இருந்தவை. அந்தத் தாள் இருக்கும் மேசைக்குப் போகும் வழியை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ல இங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஆள் அரிது. மாநிலத்தின் அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. ஓசூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் உள்ள பெங்களூரின் கர்நாடக சித்ரகலா பரிஷத் என்ற கலைக் கல்லூரி பக்கத்தில் இருந்தும், இந்தப் பிள்ளைகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

வேலைவாய்ப்பு இதில் பாதிதான். எட்டு மணி நேரம் ஒரே பாகத்தை ஒரே இடத்தில் பொருத்தும் வேலைக்குப் போகப்போகும் பிள்ளைக்கும், மாலையில் ஒரு கூத்தை ரசிக்க, ஒரு கோபுரத்தை நின்று பார்க்க, தன் வீட்டுச் சுவருக்கு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருப்பது அதன் உரிமை. தனியார் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்த உரிமை, ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகள் உள்பட அரசுப் பள்ளியில் படிக்கும் அனைவருக்கும் கிடைக்க வேண்டும். தமிழ் இன்னும் பழகாத பிள்ளை மற்றவர்களுக்குச் சமமாக அமரக்கூடிய முதல் வகுப்பு, பெரும்பாலும் ஓவிய வகுப்புதான்.

மூன்று அரை நாள் ஆசிரியர்: யார் இதைக் கற்பிப்பது? கல்வி உரிமைச் சட்டம் நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நடுநிலை வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, பணிக் கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்றது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. ஊதியம் சிறிது சிறிதாகத்தான் உயர்ந்து வந்தது. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். மற்ற நாள்களில் பேனர் எழுதியும் டியூஷன் எடுத்தும் குடும்பம் நடத்த வேண்டிய ஒருவரிடம், நான்கு துறைகளை இணைத்துப் பாடம் நடத்துங்கள் என்று கேட்பது அறமாகாது. ஓவிய ஆசிரியர் முழு நேர ஆசிரியராக வேண்டும். அதுவே முதல் சீர்திருத்தம்.

அதுவரை எதுவும் செய்ய முடியாது என்றும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, மாணவர்களுக்குக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப்புறத்தில் தொல்பொருள்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். ஆர்வமுள்ள ஆசிரியரும் அவரை ஆதரிக்கும் தலைமையாசிரியரும் சேர்ந்தால் ஓர் அரசுப் பள்ளியில் இவ்வளவு நடக்கும்.

எச்சரிக்கையும் தேவை. நான்கு துறை முறை அமெரிக்காவில் விமர்சனத்துக்கு உள்ளானது. ஐரோப்பியத் தலைசிறந்த ஓவியங்களையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், பேச்சு கூடி வரைவது குறைகிறது என்றார்கள். இரண்டும் கவனிக்க வேண்டியவை. மோனாலிசாவிலிருந்து தொடங்காமல் மல்லப்பாடியிலிருந்து தொடங்கினால் முதல் குறை தீரும். வகுப்பு நேரத்தில் பாதியாவது பிள்ளையின் கை மண்ணிலோ நிறத்திலோ இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் இரண்டாவதும் தீரும். இன்னொரு ஆபத்து நம் ஊருக்கே உரியது: கலை வரலாற்றை நூறு ஒரு மதிப்பெண் வினாக்களாக மாற்றிவிடுவது. மதிப்பெண் தாளுக்குப் பதிலாக, ஆண்டு முழுக்கப் பிள்ளை வரைந்தவை, எழுதியவை, தவறாகப் போன முயற்சிகள் எல்லாம் அடங்கிய ஒரு கோப்பே மதிப்பீடாக வேண்டும்.

அடுத்து என்ன?: மாவட்ட அளவிலேயே சிலவற்றைத் தொடங்கலாம். ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும் தன்னைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் உள்ள நடுகல், பாறை ஓவியம், கோயில் சிற்பம் ஆகியவற்றையும் கூத்துக் கலைஞர்களையும் கொண்ட பட்டியலைத் தயாரிக்கட்டும். அருங்காட்சியகக் காப்பாட்சியரும் தொல்லியல் துறையினரும் அதைச் சரிபார்க்கட்டும். குறுவள மையக் கூட்டங்களில் ஓவிய ஆசிரியரையும் தமிழாசிரியரையும் சமூக அறிவியல் ஆசிரியரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஆண்டுக்கு மூன்று இணைப்புப் பாடங்களைத் திட்டமிடச் செய்யலாம். பாறை ஓவியத்தைத் தொடக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது, சுண்ணக்கட்டியால் கோடு போடக் கூடாது என்பதும் அந்தப் பாடத்தின் ஒரு பகுதியாகட்டும். கவனிப்பாரின்றிப் பெயர் கிறுக்கப்பட்டு அழியும் ஓவியங்களுக்கு அந்தப் பிள்ளைகளே காவலர்கள் ஆவார்கள்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியைக் கல்விக்கும் கலை, பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் அமைப்புக்குத் தலைமை ஏற்றவர் டிவிஎஸ் குழுமத்தின் வேணு சீனிவாசன். அந்தக் குழுமத்தின் வண்டித் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. பள்ளிச் சுவரில் வண்ணம் அடிப்பதோடு நிற்காமல், மல்லப்பாடிக்கும் அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பேருந்து, வரையத் தரமான தாளும் வண்ணமும், கூத்துக் கலைஞருக்கு மதிப்பூதியம், வடிவமைப்புப் பிரிவைப் பார்க்க ஆண்டுக்கு ஒரு நாள் என்று ஓசூர் நிறுவனங்கள் பொறுப்பேற்கலாம். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகி, பாடத்திட்டம் பற்றிய பேச்சு எழுந்திருக்கும் இந்த நேரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பத்துப் பள்ளிகளில் இதை ஓராண்டு நடத்திப் பார்த்து, பிள்ளைகளின் கோப்புகளையே சான்றாக வைத்து மாநிலம் முழுமைக்கும் விரிப்பதைக் கல்வித் துறை முடிவு செய்யலாம்.